காலியாயிருந்த நாற்காலிகள்



வாக்குரிமை கிடைத்துவிட்டால் ஆட்சியிலும் பெண்களுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நம் மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். சிங்கப்பூரின் வரலாறோ வேறு பாடம் சொல்கிறது.

1950களில் சீனரும் இந்துக்களும் தத்தம் மரபுவழித் திருமணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்ள இங்குச் சட்டம் இடமளித்தது. 1952இல் உருவான சிங்கப்பூர்ப் பெண்கள் மன்றம் இதனை எதிர்த்து நின்றது. பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்டார் அதன் முன்னணிப் போராளி. மன்றத்தினர் ஆண்டுக்கணக்கில் கோரிக்கை விடுத்தும் சட்டம் வரவில்லை.

1959 பொதுத்தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமானது. அடுக்களையில் இருந்த பெண்களும் வாக்குச்சாவடிக்கு வந்தனர். 'ஒருவனுக்கு ஒருத்தி' என்பதை மக்கள் செயல் கட்சி தன் தேர்தல் வாக்குறுதியாக்கியது. 51 பேர் கொண்ட சட்டமன்றத்தில் ஐந்து பெண்கள் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரான சான் சோய் சியோங், ஒருதார மணச் சட்டத்துக்காகக் கட்சிக்குள்ளும் மன்றத்திலும் வாதாடியவர். 1961 மே 24இல் மாதர் சாசனம் நிறைவேறியது. முஸ்லிம்களின் திருமணங்கள் தனிச் சட்டத்தின்கீழ் இருக்க, ஏனையோருக்கு ஒருதார மணமே சட்டமாயிற்று. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பாதுகாப்பும் இதில் அடங்கும்.

இத்துடன் வெற்றி நிலைத்துவிட்டதா? இல்லை. 1970இல் சான் சோய் சியோங் அரசியலிலிருந்து விலகினார். அதன்பின் 1984 வரை, பதினான்கு ஆண்டுகள், நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை.

அந்த இடைவெளியில்தான், 1979இல், மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்று வரம்பு விதிக்கப்பட்டது. தகுதி இருந்தும் எத்தனை மகள்களுக்குக் கதவு அடைபட்டிருக்கும்! பெண் உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பாரா என்று உறுதியாகக் கூற இயலாது. ஆனால், அம்மாணவியரின் நிலையில் நின்று கேள்வி எழுப்ப அங்கே ஒரு பெண்குரலும் இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை. அவ்வரம்பு 2003இல்தான் நீங்கியது.

1984 தேர்தலில் மூன்று பெண்கள் வென்றனர். 1992இல் முதல் பெண் நியமன உறுப்பினரான மருத்துவர் கன்வல்ஜித் சொய்ன், 1995இல் குடும்ப வன்முறைக்கெதிரான மசோதாவைக் கொண்டுவந்தார். அது தோற்றது. எனினும், அதன் கருத்துகள் பல மறு ஆண்டே மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்றன. தோற்ற மசோதாவும் வீண்போகவில்லை!

ஆகவே, மாதர் சாசனத்தைக் கற்பிக்கும்போது 1961 என்னும் ஆண்டோடு நின்றுவிடாமல், 1970க்கும் 1984க்கும் இடைப்பட்ட காலத்தையும் மாணவர்களுக்குச் சொல்வோம். பெற்ற உரிமையைக் காக்க அவையில் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் பணி நம் வகுப்பறையிலும் வீட்டிலும்தான் தொடங்குகிறது. வகுப்புத் தலைமைக்கு மாணவனையும் துணைக்கு மாணவியையும் வழக்கம்போல் நியமிக்குமுன், சற்றே சிந்திப்போம்.