ஒப்பந்தம் இருந்தும் சலுகை வரி கைநழுவுவது ஏன்? ஏற்றுமதியாளர்கள் அறிய வேண்டிய தோற்ற விதிகள்

புது டெல்லி: இந்தியா பிற நாடுகளுடன் செய்துகொண்டுள்ள தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்கள் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 அன்றும், ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்றும் நடைமுறைக்கு வந்தன. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகள் அடங்கிய ஐரோப்பிய தடையற்ற வர்த்தக சங்கத்துடனான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. பிரிட்டனுடனான ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது.

ஆனால், ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது என்பதாலேயே ஒரு நிறுவனத்தின் சரக்குக்குச் சுங்க வரி தானாகக் குறைந்துவிடாது. அந்தப் பொருள் உண்மையில் இந்தியாவில் உருவானது என்பதை ஏற்றுமதியாளர் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கத் தவறினால், இறக்குமதி செய்யும் நாட்டில் முழு வரி விதிக்கப்படும். சரக்கு விற்றுத் தீர்ந்து பல மாதங்களுக்குப் பிறகும் அந்த வரிக் கோரிக்கை வரக்கூடும். அதைச் செலுத்த நேரும் வெளிநாட்டு வாடிக்கையாளர், இழப்பை ஏற்றுமதியாளரிடமே கேட்பது வழக்கம்.

ஏற்றுமதியில் புதிதாக இறங்கும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகள் வருமாறு:

முதலில் பதிவு

வணிக நோக்கில் ஏற்றுமதி செய்ய, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வழங்கும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவை. நிறுவனத்தின் பான் எண்ணே இந்தக் குறியீட்டு எண்ணாகவும் பயன்படுகிறது. விவரங்களில் மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இதை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். சரக்கு துறைமுகத்தை அடைந்த பிறகே இதை அறிந்து தவிக்கும் நிலையைத் தவிர்க்கலாம்.

ஜிஎஸ்டி சட்டத்தின்படி ஏற்றுமதி, பூஜ்ய வரி வழங்கலாகக் கருதப்படுகிறது. உறுதிமொழிக் கடிதம் அளித்து வரியின்றி ஏற்றுமதி செய்யலாம். அல்லது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பப் பெறலாம்.

பொருளின் அடையாளம் ஆறு இலக்கங்கள்

சுங்கத் துறையின் பார்வையில் ஒரு பொருளின் அடையாளம் அதன் வணிகப் பெயர் அன்று, அதன் எச்.எஸ். குறியீடு ஆகும். உலக சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த வகைப்பாட்டு முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் துணைத் தலைப்பையும் குறிக்கின்றன. ஆறு இலக்கங்கள் வரை எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனது தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்கிறது. இந்தியா எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது.

வரி விகிதம், சலுகைப் பட்டியல், தோற்ற விதி ஆகிய மூன்றும் இந்தக் குறியீட்டையே சார்ந்துள்ளன. எனவே குறியீடு தவறானால், அதன் பின் செய்யும் அனைத்தும் தவறாகும். ஷிப்பிங் பில்லில் ஒரு குறியீடும் தோற்றச் சான்றிதழில் வேறொரு குறியீடும் இருப்பது, சலுகைக் கோரிக்கையைச் சிக்கலாக்கும் தவறுகளில் ஒன்று.

சலுகையால் பயன் உண்டா?

அடுத்து, இறக்குமதி செய்யும் நாட்டில் அந்தக் குறியீட்டுக்கு விதிக்கப்படும் வழக்கமான வரியையும், ஒப்பந்தப்படியான வரியையும் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே உண்மையான பயன். சிங்கப்பூர் சில மதுபான வகைகள் தவிர மற்ற பொருள்களுக்குச் சுங்க வரி விதிப்பதில்லை. ஆகவே அங்கு அனுப்பும் பெரும்பாலான சரக்குகளுக்குத் தோற்றச் சான்றிதழால் வரிப் பயன் கிடையாது. மாறாக, ஐக்கிய அரபு அமீரகத்தின் பொதுவான சுங்க வரி 5 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கில் அது 50,000 ரூபாய்.

சில நாடுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் பொருந்தும். மலேசியாவுக்கு அனுப்பும் சரக்குக்கு 2010 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ஆசியான் ஒப்பந்தத்தையோ, 2011 ஜூலை 1 முதல் அமலில் உள்ள இருதரப்பு ஒப்பந்தத்தையோ பயன்படுத்தலாம். வரியும் விதிகளும் எதில் சாதகமாக உள்ளன என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஒப்பந்தத்துக்கான சான்றிதழ் மற்றொன்றுக்குச் செல்லாது.

இந்தியப் பொருள் என்பது எது?

இந்தியாவில் விளைந்த மஞ்சள், இந்தியக் கடலில் பிடித்த மீன் போன்றவை 'முழுமையாகப் பெறப்பட்டவை' என்ற பிரிவில் அடங்கும். இவற்றில் பெரிதாகச் சிக்கல் இல்லை. இறக்குமதி செய்த மூலப்பொருளைக் கொண்டு உருவாக்கும் பொருள்களுக்கே கேள்வி எழுகிறது. இதற்கு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரு அளவுகோல்களைத் தனித்தனியாகவோ சேர்த்தோ பயன்படுத்துகின்றன.

முதலாவது, குறியீட்டு மாற்றம். வெளிநாட்டு மூலப்பொருளின் குறியீட்டிலிருந்து முடிவுற்ற பொருளின் குறியீடு மாறியிருக்க வேண்டும். முந்திரித் தொழில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கொல்லம், மங்களூரு, பண்ருட்டி ஆகிய இடங்களில் உள்ள ஆலைகள் உள்நாட்டு விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை வரவழைக்கின்றன. ஓட்டுடன் கூடிய முந்திரியின் குறியீடு 0801.31, ஓடு நீக்கிய பருப்பின் குறியீடு 0801.32. ஆறு இலக்க அளவில் மாற்றம் கோரும் ஒப்பந்தத்தில் இது தேறும். நான்கு இலக்க அளவில் மாற்றம் கோரினால், இரண்டுமே 0801 என்ற தலைப்பில் இருப்பதால் தேறாது. உடைத்தல், தோலுரித்தல், தரம் பிரித்தல் என ஆலையில் நடக்கும் உழைப்பு ஒன்றே. விதி மாறினால் விடையும் மாறுகிறது.

இரண்டாவது, மதிப்புக் கூட்டல். ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, ஆறு இலக்க அளவிலான குறியீட்டு மாற்றத்துடன், கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்.ஓ.பி. மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 10 லட்சம் ரூபாய் எஃப்.ஓ.பி. மதிப்புள்ள முந்திரிப் பருப்பில், ஆப்பிரிக்கக் கொட்டையின் மதிப்பு 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் எனக் கொள்வோம். எஞ்சிய 3 லட்சத்து 80 ஆயிரம், அதாவது 38 சதவீதம், உள்நாட்டு மதிப்பு. சரக்கு தகுதி பெறும். அடுத்த மாதம் கொட்டையின் விலை உயர்ந்து 6 லட்சத்து 80 ஆயிரமானால், விற்பனை விலை மாறாத நிலையில் உள்நாட்டு மதிப்பு 32 சதவீதமாகக் குறையும். தகுதி போய்விடும். ஆலையும் தொழிலாளரும் வாடிக்கையாளரும் மாறவில்லை. மூலப்பொருள் விலை மட்டுமே மாறியது. எனவே ஒருமுறை போட்ட கணக்கை ஆண்டு முழுவதும் பயன்படுத்துவது ஆபத்தானது.

மாறாக, அதே கொட்டை ஆசியான் உறுப்பு நாடான கம்போடியாவில் விளைந்தது என்று உரிய ஆவணத்துடன் காட்ட முடிந்தால், ஆசியான் ஒப்பந்தத்தின் கீழ் அது வெளிநாட்டு மூலப்பொருளாகக் கருதப்படாது. ஒப்பந்த நாடுகளின் பங்களிப்பை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் வழி அதில் உள்ளது.

எந்த ஒப்பந்தமானாலும், பொட்டலமிடுதல், லேபிள் ஒட்டுதல், எளிய முறையில் கலத்தல் போன்ற பணிகள் மட்டும் ஒரு பொருளுக்கு இந்தியத் தோற்றம் தந்துவிடாது. சில பொருள்களுக்குப் பொது விதிக்குப் பதிலாகத் தனி விதிகள் இருக்கும் என்பதால், ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைச் சரிபார்ப்பது அவசியம்.

சான்றிதழும் பயண வழியும்

சலுகை வரிக்கான தோற்றச் சான்றிதழுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்றுமதி ஆய்வுக் கழகம், கடல் பொருள்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், நறுமணப் பொருள் வாரியம் உள்ளிட்ட முகமைகள் இவற்றை வழங்குகின்றன. சலுகையற்ற தோற்றச் சான்றிதழ் என்று வேறொன்றும் உண்டு. அது சரக்கின் நாட்டை மட்டுமே குறிப்பிடும், வரியைக் குறைக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சில ஏற்பாடுகளில் ஏற்றுமதியாளரே தோற்றத்தை அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வளரும் நாடுகளுக்கு ஒருதலையாக அளிக்கும் ஜி.எஸ்.பி. சலுகையில், 6,000 யூரோவுக்கு மேற்பட்ட தோற்றப் பொருள்களை அனுப்புவோர் 'ரெக்ஸ்' முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். இத்தகைய ஒருதலைச் சலுகைகளை அளிக்கும் நாடு திரும்பப் பெறவும் முடியும். அமெரிக்கா தனது ஜி.எஸ்.பி. சலுகையை 2019 ஜூன் 5 அன்று இந்தியாவுக்கு நிறுத்தியது.

சரக்கு செல்லும் வழியும் கவனத்துக்குரியது. கொழும்பு போன்ற துறைமுகங்களில் கப்பல் மாறும்போது, சரக்கு சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது என்பதைக் காட்டும் ஆவணங்கள், குறிப்பாக முழுப் பயணத்துக்குமான சரக்கேற்றுச் சீட்டு, கைவசம் இருக்க வேண்டும்.

சான்றிதழ் மட்டும் போதாது

இந்தியாவுக்குள் வரும் பொருள்களுக்கான சோதனை 2020 செப்டம்பர் 21 முதல் கடுமையாக்கப்பட்டது. சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவின்படி, சான்றிதழைக் காட்டுவதுடன் இறக்குமதியாளரின் பொறுப்பு முடிவதில்லை. பொருள் எவ்வாறு தகுதி பெற்றது என்ற விவரங்களையும் அவர் வைத்திருக்க வேண்டும். அவற்றை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இந்தியச் சரக்கைப் பெறும் நாடுகளும் இவ்வாறே சரிபார்ப்புக் கோரிக்கை அனுப்பலாம். அப்போது மூலப்பொருள் கொள்முதல் ரசீது, இறக்குமதி ஆவணம், உற்பத்திப் பதிவேடு, செலவுக் கணக்கு ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். உள்நாட்டுக் கொட்டையும் இறக்குமதிக் கொட்டையும் ஒரே கிடங்கில் சேர்ந்திருந்தால், எந்தச் சரக்கில் எது சென்றது என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

வரிக்கு அப்பாலும் விதிகள்

வரி பூஜ்யமானாலும், தரம் தவறிய சரக்கு திருப்பி அனுப்பப்படலாம். உணவுப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சம், எத்திலீன் ஆக்சைடு போன்றவற்றுக்கு ஒவ்வொரு நாடும் தனி வரம்பு வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் உள்ளிட்டவற்றுக்குக் கார்பன் வெளியேற்றக் கணக்கும் தேவைப்படுகிறது.

அமைதிப் பணிக்கும் ராணுவப் பணிக்கும் பயன்படக்கூடிய வேதிப்பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் 'ஸ்கோமெட்' பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இவற்றை உரிய உரிமமின்றி ஏற்றுமதி செய்வது தண்டனைக்குரியது. மென்பொருளுக்கும் தொழில்நுட்பத் தகவலுக்கும் இது பொருந்தும்.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-ன்படி, விற்பனைத் தொகையை ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் காலத்துக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். தொகை வராவிட்டால், பெற்ற சுங்க வரித் திரும்பளிப்பையும் அரசு மீட்டுக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை

விலை பேசுவதற்கு முன்பே குறியீடு, வரி வேறுபாடு, தோற்ற விதி ஆகியவற்றை இந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும். மூலப்பொருள் விலையோ விற்பனை விலையோ மாறும்போதெல்லாம் மதிப்புக் கூட்டல் கணக்கை மீண்டும் போட வேண்டும். தகுதி பெறாத சரக்குக்குச் சலுகை கோராமல், வழக்கமான வரியைக் கணக்கில் கொண்டு விலை சொல்வதே பாதுகாப்பானது. அதனால் ஓர் ஆர்டர் கைநழுவலாம். ஆனால் தவறான அறிவிப்பு, அந்த நிறுவனம் பின்னர் அனுப்பும் ஒவ்வொரு சரக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.