கள்ளமின்மையின் சிதைவு: போருக்குப் பிந்தைய ஐரோப்பியத் திரைப்படங்களில் சிறுவர்கள்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் டுவிஸ்ட்’ (1837–39) அநாதைச் சிறுவனைத் திருடர் கூட்டத்தில் தள்ளுகிறது. ஆனாலும் அவன் மனத்தில் கறை படிவதேயில்லை. முடிவில் உறவும் சொத்தும் அவனை வந்தடைகின்றன. எந்தச் சூழலாலும் கெடாதது குழந்தை மனம் என்ற இந்த நம்பிக்கை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பியத் திரையில் நிலைக்கவில்லை.

விட்டோரியோ டி சிகாவின் ‘ஷூஷைன்’ (1946) ரோம் தெருக்களில் அமெரிக்கச் சிப்பாய்களின் காலணிக்கு மெருகேற்றும் இரு நண்பர்களின் கதை. குதிரை வாங்கும் ஆசையில் கள்ளச்சந்தைப் போர்வை விற்று, சிறுவர் சிறைக்குப் போகிறார்கள். அங்கே ஒருவனை அடிப்பதுபோல் அதிகாரிகள் நடிக்க, அதை நம்பிய மற்றவன் நண்பனைக் காப்பாற்ற எண்ணி உண்மையைச் சொல்லிவிடுகிறான். நட்பு அங்கேயே முறிகிறது. பையன்களைக் கெடுப்பது திருட்டல்ல, அவர்களைத் திருத்தவென்று அமைந்த நிறுவனம்தான்.

ரோபெர்தோ ரோசெல்லினியின் ‘ஜெர்மனி, ஆண்டு பூஜ்யம்’ (1948) இன்னும் கொடிய இடத்துக்குச் செல்கிறது. இறந்துபோன தன் மகன் ரோமானோவுக்கு அவர் காணிக்கையாக்கிய படம் இது. இடிந்த பெர்லினில் பன்னிரண்டு வயது எட்முண்ட் நோயாளித் தந்தைக்கும் சேர்த்து உணவு தேடி அலைகிறான். வலியோர் வாழ மெலியோர் அழிய வேண்டும் என்று அவனுடைய பழைய நாஜி ஆசிரியர் சொல்கிறார். பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தந்தைக்கு நஞ்சு கொடுக்கிறான். செய்ததைச் சொன்னதும் ஆசிரியர் பதறிக் கைகழுவுகிறார். கடைசியில் எட்முண்ட் இடிபாட்டின் மேலிருந்து குதித்துச் சாகிறான். இந்த வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுவது இதையே. பெரியவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பும் மனம்தான் கள்ளமின்மை என்றால், அந்த நம்பிக்கையே இங்கு கொலைக்கருவி ஆகிறது.

டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தில் தந்தை திருடிப் பிடிபடுவதை மகன் புரூனோ பார்க்கிறான். 1950இல் லண்டனில் இப்படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தந்தார். அக்கா துர்கா எடுக்கவேயில்லை என்று சாதித்த மாலை, அவள் இறந்தபின் தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் அதைக் குளத்தில் எறிகிறான். போரில்லாத அந்த வங்காளக் கிராமத்தில் உண்மையை அறிவதும் அன்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஐரோப்பியப் படங்களுக்கு அந்த ஆறுதல் அரிதாகவே வாய்த்தது.

விளாதிமிர் பகமோலவின் ‘இவான்’ குறுநாவலை (1957) ஓர் இளம் அதிகாரி சொல்கிறார். சிறுவன் இவானின் உள்ளம் நமக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி அதை ‘இவானின் குழந்தைப்பருவம்’ (1962) ஆக்கியபோது கனவுகளைச் சேர்த்தார். தாயை இழந்து பழிவாங்கும் வெறியோடு ஒற்றனாகிவிட்ட இவானுக்குக் குழந்தைப்பருவம் அக்கனவுகளில் மட்டுமே மிச்சம்.

எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) பெலாரஸில் 1943இல் நடக்கிறது. ஒரு கிராமத்து மக்களை நாஜிப் படையினர் கொட்டகையில் அடைத்து எரிப்பதைப் பார்த்த சிறுவன் ஃபிளியோரா, ஹிட்லரின் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் வரலாற்றுக் காட்சிகள் பின்னோக்கி ஓடி, ஹிட்லர் தாய்மடியில் குழந்தையாக இருக்கும் புகைப்படத்தில் நிற்கின்றன. அதற்குமேல் அவனால் சுட முடியவில்லை. எட்முண்ட் பெரியவர்களின் தர்க்கத்தை ஏற்றுக் கொன்றான். எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஃபிளியோரா, அதே தர்க்கத்தைக் கடைசிப் படியில் மறுக்கிறான்.