பேச்சு சிகிச்சை வரலாறு: மேரி டியூடர் மூன்று முறை திரும்பிப் போனார்

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுதும் கோட் நேராக ப்ரொடக்‌ஷனுக்குப் போகாது. சீனியர் ஒருத்தர் பார்த்து, கேள்வி கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் போகும். அப்படியும் தப்பாகிவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிக்கலாம். மனுஷங்களோடு வேலை செய்யும் துறைகளில் இந்த வசதி கிடையாது. ஸ்பீச் தெரபி எனும் பேச்சு சிகிச்சையின் வரலாற்றைப் படித்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது.

அமெரிக்காவில் இந்தத் துறை தனிப் படிப்பாக வளர்ந்த முக்கியமான இடம் அயோவா பல்கலைக்கழகம். 1926ல் வெண்டல் ஜான்சன் என்ற இளைஞர் அங்கே படிக்க வந்தார். அவருக்குக் கடுமையாகத் திக்கும். காரணம் தெரியவேண்டும் என்று தன்னையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். கைப்பழக்கத்துக்கும் திக்கலுக்கும் தொடர்பு உண்டு என்று அன்று நம்பினார்கள். அதற்காக வலது கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு இடது கையால் வேலை செய்து பார்த்தார். திக்கல் போகவில்லை. ஆனால் 1931ல் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே பேராசிரியரானார்.

அவருடைய கருத்து இதுதான்: சின்னக் குழந்தைகள் எல்லோரும் பேச்சில் தடுமாறுவார்கள். அதைப் பெரியவர்கள் குறை என்று சுட்டிக்காட்டும்போது குழந்தைக்குப் பயம் வருகிறது. அந்தப் பயமே திக்கலாகிறது. நம் ஊரில் ‘திக்குவாய்’ என்ற பட்டப்பெயரோடு வளர்ந்தவர்களைக் கேட்டால், பெயர் என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

1938ல் இந்தக் கருத்தைச் சோதிக்கும் வேலை அவருடைய முதுகலை மாணவி மேரி டியூடரிடம் வந்தது. அவருக்கு வயது 22. டேவன்போர்ட் நகரத்தின் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், உனக்குத் திக்கல் ஆரம்பித்துவிட்டது, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் பேசு என்று சொல்லப்பட்டது. 1939 ஜனவரி முதல் மே வரை இது நடந்தது. உண்மையான நோக்கம் குழந்தைகளுக்குத் தெரியாது.

அந்த ஆறு பேரும் திக்குபவர்களாக மாறிவிடவில்லை. ஆனால் சிலர் ஒடுங்கிப்போனார்கள், வாய் திறக்கவே தயங்கினார்கள். ஆய்வேடு அச்சாகாமல் பல்கலைக்கழக நூலகத்திலேயே கிடந்தது. 2001ல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007ல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

இன்று அமெரிக்காவில் சான்றிதழ் வேண்டுமென்றால் மாணவர்கள் 400 மணி நேரம் கண்காணிப்பின் கீழ் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் 25 மணி கூட இருந்து கவனிப்பது, 375 மணி நேரடியாகச் சிகிச்சை தருவது. படிப்பு முடிந்தபின் 36 வாரம் முழுநேரமாக ஒரு மூத்தவரின் வழிகாட்டுதலில் வேலை. உதவியாளராகச் சேருபவர் திட்டப்படி பயிற்சி தரலாம். இது இன்ன குறை என்று தானாக முடிவு சொல்லக்கூடாது. 1939 சம்பவத்தால் வந்த விதிகள் இவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, “முடிவு சொல்லாதே” என்ற கட்டுப்பாடு சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அந்த ஆறு குழந்தைகளைக் குலைத்தது பெரியவர்கள் சொன்ன ஒரு முடிவுதானே?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டியூடருக்கும் மேற்பார்வை இருந்தது. ஆய்வின் யோசனையே மேற்பார்வையாளருடையது! ஸ்பெக்கே தப்பாக இருந்தால் ரிவ்யூ என்ன செய்யும்? எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாலும், இதனால் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன நன்மை என்ற கேள்வியை நாம்தான் கேட்டாகணும்.

டியூடர் அதைத் தாமதமாகக் கேட்டார். ஆய்வு முடிந்தபின், யாரும் கட்டாயப்படுத்தாமல், மூன்று முறை அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போய், உங்கள் பேச்சில் குறை ஒன்றுமில்லை என்று புரியவைக்கப் பார்த்தார். முழுசாகச் சரிசெய்ய முடியவில்லை. பிற்பாடு பேச்சு சிகிச்சையாளராகவே வேலை பார்த்தார்.

பட்டம் அவருக்கு ஆய்வேட்டுக்காகக் கிடைத்தது. ஆனால் அவர் மாணவியாக இருந்து தொழிலுக்குள் கால் வைத்தது அந்த மூன்று பயணங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஆய்வேட்டை விட்டாலும் அந்தப் பயணங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.