ஜெர்மன் மொழி அறிமுகப் படிப்பு: சென்னை மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மாணவர்களுக்கு ஜெர்மன் பெரும்பாலும் தொடக்கநிலை ஏ1 தேர்வாக, மேற்படிப்புக்கான படிக்கட்டாகவே அறிமுகமாகிறது. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனானாலும் கல்லூரி வகுப்பானாலும் ஆங்கில வழியாகவே அதை அணுகும் வழக்கம் பரவலாக உள்ளது. இது தேவையற்ற சுற்றுவழி; தமிழ் இலக்கணத்தின் வழியே நேராக அணுகலாம். 'வைல் இஷ் இன் அம்பத்தூர் வோனே' என்ற துணைவாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. 'நான் அம்பத்தூரில் வசிப்பதால்' என்பதிலும் அப்படியே. எட்டு வேற்றுமை படித்தவருக்கு ஜெர்மனின் நான்கு புதிதல்ல. சொற்களை ஒட்டி நீளச் சொல்லாக்கும் பழக்கமோ நம் தொகைகளுக்குப் பங்காளி.

பால் பாகுபாட்டில் இந்த ஒப்புமை உடைகிறதே என்பது நியாயமான மறுப்பு. தமிழில் பொருளை வைத்தே திணையும் பாலும் அமையும். ஜெர்மனிலோ மேசை ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' ஒன்றன்பால். 'ஷென்' என்ற சிறுமை விகுதிதான் அங்கே பாலைத் தீர்மானிக்கிறது. மனப்பாடம் தவிர்க்க முடியாததுதான். ஆனால் ஆங்கிலமும் இங்கே கைகொடுப்பதில்லை.

தெரிந்த இலக்கணத்தின் வழியே தெரியாததைக் கற்பிப்பது மொழி கற்பித்தலில் பழைய வழியே. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழைக் கற்று, ஐரோப்பியப் படிப்பாளிகள் அறிந்த லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது.