எதுக்களிப்பும் வாந்தியும்: ஈப்போவின் சப்பைமூக்கு நாய்கள் குறித்து

பேராக் மாநிலப் பால்மரத் தோட்டங்களில் லயத்து வாசலில் படுத்துக் கிடந்தவை நீண்ட மூக்குள்ள நாட்டு நாய்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களில் குடியேறிய பின் வீட்டுக்குள்ளேயே இடம்பிடித்தவை ஷிட்சூவும் பக்கும், அண்மையில் ஃபிரெஞ்சு புல்டாகும். இவற்றுக்கு வரும் வயிற்றுக் கோளாற்றின் வேர் பெரும்பாலும் மூச்சுப் பாதையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இதற்குத் தமிழே ஒரு தடயம் தருகிறது. வயிறு குமட்டி, விலா இழுத்து வெளித்தள்ளுவது வாந்தி. முயற்சி ஏதுமின்றி உணவோ நுரையோ தொண்டைக்கு ஏறி வருவது எதுக்களிப்பு. முன்னது பெரும்பாலும் இரைப்பை, குடல் சார்ந்தது. பின்னது உணவுக்குழாயைச் சுட்டுவது. கைக்குழந்தை பால் கக்கும்போது இந்த வேறுபாட்டைத் தவறவிடாத நம் பாட்டிமார், நாய் என்றதும் இரண்டையும் ‘வாந்தி’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். நோயறிதலின் பாதி அங்கேயே தொலைகிறது.

இயக்கம் எளிது. குறுகிய நாசித்துளை, தொண்டையை அடைக்கும் நீண்ட மென்அண்ணம். இவற்றை மீறி மூச்சிழுக்க நாய் திணறும்போது மார்புக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அந்த உறிஞ்சலில் இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளைவழியே மேலே இழுபடுகிறது. அமிலம் உணவுக்குழாயைச் சுடுகிறது. ஏறிவரும் அமிலம் தொண்டையை வீங்கச்செய்ய, மூச்சுப் பாதை மேலும் குறுகுகிறது.

பிரான்சில் பொன்சே குழுவினர் மூச்சுத் தடையுள்ள 73 சப்பைமூக்கு நாய்களை உள்நோக்கியால் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 97 நாய்களின் மேற்செரிமானப் பாதையில் கோளாறு தெரிந்தது. வெளியே அறிகுறியே காட்டாதவையும் அவற்றில் இருந்தன. ஆயினும் ஒரு தடை எழுகிறது. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் செரிமான அறிகுறிகள் ஃபிரெஞ்சு புல்டாகில் 93 விழுக்காடு, பக்கில் வெறும் 16. பக்குக்கும் மூச்சு அடைக்கத்தானே செய்கிறது? ஆக, மூச்சுத்தடை ஒன்றே முழுக் காரணமாகாது. இனத்துக்கு இனம் உடற்கூறும் பங்கேற்கிறது. இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: மூச்சுப் பாதையை அறுவையால் திறந்த பின் பல நாய்களில் எதுக்களிப்பு குறைகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையால் மட்டும் எட்ட முடியாத பலன் இது.

ஈப்போவின் வெக்கை இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. நாய் உடற்சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பினால். ஈரக்காற்றில் அதன் பலன் குறையும். அடைபட்ட மூக்கோடு மேலும் மூச்சிரைத்தால் உறிஞ்சலும் கூடும், விழுங்கும் காற்றும் கூடும். போதாக்குறைக்கு நம் வீட்டுப் பாசம்: கறிக்குழம்புச் சோறு, எண்ணெயில் பொரித்த பலகாரம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். உடல் பெருத்தால் மூச்சு இன்னும் அடைக்கும்.

நாய் வளர்ப்போரிடம் கேட்பது ஒன்றே: மருத்துவரிடம் ‘வாந்தி’ என்று சொல்வதற்கு முன், விலா இழுத்ததா என்று பாருங்கள், முடிந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். சிக்கலை இனப்பெருக்கத்திலேயே தடுக்க முயலும் நாடும் உண்டு: மண்டையின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த மூக்குள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடுவதை நெதர்லாந்து 2019 முதல் தடுத்துவருகிறது. மலேசியாவின் இறக்குமதித் தடைப் பட்டியலோ மூக்கை அல்ல, கடியையே பார்க்கிறது: அதில் இருப்பவை பிட்புல், தோசா, அக்கித்தா போன்ற கடிநாய் இனங்கள்.