பாட்டு கலைஞருடையது, கடை யாருடையது?

பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவரின் பாட்டு கடைக்கு வருவதே ஒரு காலத்தில் அரிது. அந்தப் பூட்டை உடைத்த இணையதளங்களில் ஒன்று, 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய பேண்ட்கேம்ப். விலையைக் கலைஞரே வைக்கலாம். விற்கும் பாட்டில் தளத்தின் பங்கு 15 சதவீதம். பாட்டின் உரிமை கலைஞரிடமே இருக்கும்.

2020இல் கொரோனாவால் மேடைகள் மூடப்பட்டன. மார்ச் 20 அன்று தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள்.

சரி, கடையின் உரிமை யாரிடம் இருந்தது? 2022இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. 2023 மே மாதம் ஊழியர்கள் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். சில மாதங்களில் தளம் சாங்டிரேடருக்குக் கைமாறியது. ஏறக்குறைய பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவினர் அத்தனை பேரும் அதில் அடக்கம் என்று சங்கம் அறிவித்தது. இரண்டு விற்பனையிலும் முடிவெடுக்கும் இடத்தில் கலைஞர்கள் இல்லை.

தோழர்களே, உள்ளே நுழைந்தது வெற்றிதான். அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் சாவி யார் கையில் என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.