பாக்கெட்டின் பின்பக்கம் வந்த கதை



நான் பத்தாவது வரை படித்தவள். ஆனாலும் மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்ததே இல்லை. எடை குறைக்கணும் என்று ராத்திரி சோறை விட்டுவிட்டு, "நார்ச்சத்து" என்று பெரிசாகப் போட்ட பிஸ்கட்டை டீயில் தொட்டுச் சாப்பிட்டேன். இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ கூடிப்போச்சு. என் மகள்தான் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். 100 கிராமில் 480 கலோரி, சர்க்கரை 20 கிராம். நான் ஒரே நேரத்தில் பாதி பாக்கெட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தேன்!

அந்தச் சின்ன எழுத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. எங்க அம்மா காலத்தில் பருப்பும் சர்க்கரையும் காகிதத்தில் பொட்டலம் கட்டித்தான் வரும். படிக்க ஒண்ணும் இருக்காது. அப்போ பெரிய பயம் கலப்படம்தான். அதுக்காக 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 2001-ல் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும், பின்னாலேயே சைவத்துக்குப் பச்சை வட்டமும் வந்தன. 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் போட்டார்கள். பாக்கெட் உணவில் சத்து விவரம் அச்சிடுவது கட்டாயமானது 2009-ல்தான். 2020-ல் வந்த விதிப்படி, கூடுதலாகச் சேர்த்த சர்க்கரையையும் தனியாகக் காட்டணும்.

படிக்கும்போது மூணு விஷயம் பாருங்க. கணக்கு 100 கிராமுக்கா, ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கா? அடுத்து, சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் என்று போட்டாலும் அது சர்க்கரைதான். மூணாவது உப்பு. அது சோடியம் என்ற பேரில் இருக்கும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம்தான் அளவு. அதாவது 5 கிராம் உப்பு.

போன வருஷம் எங்க குழு சத்துமாவுக்கு லேபிள் எழுதினோம். எடை போட்டுப் பார்த்தால் வெல்லம் இரண்டாவதாக வந்தது. "இப்படிப் போட்டா யாரு வாங்குவா? கீழ தள்ளி எழுது" என்று ஒரு அக்கா சொன்னாங்க. நான் என் பிஸ்கட் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அந்த அக்காவே, "எழுத்தை மாத்த வேணாம், வெல்லத்தைக் குறைப்போம்" என்றாங்க. குறைச்சோம். இப்போ வெல்லம் நாலாவது இடத்தில் இருக்கு.

அடுத்தவங்க பாக்கெட்டைத் திருப்பிப் படிப்போம். நம்ம பாக்கெட்டில் உண்மையை எழுதுவோம்.